மாட்டுக் கணக்கில் மலை

மே பிறந்தால் போதும். கல்லாறு சோதனைச் சாவடியில் வண்டிகள் வரிசை கட்டி நிற்கும் படம் நாளிதழ்களில் வந்துவிடுகிறது. படத்தின் கீழே தீர்ப்பும் தயாராக இருக்கிறது: மலை தாங்காது, ஆளைக் குறையுங்கள். தலையங்கம் எழுதுபவர் சொல்கிறார். கோவை டீக்கடையில் நிற்பவர் சொல்கிறார். போன வாரம்தான் குடும்பத்தோடு ஊட்டிக்குப் போய்வந்தவரும் சொல்கிறார். (கூட்டத்தைக் கணக்கிடும்போது நம்மைச் சேர்த்து எண்ணும் வழக்கம் நம்மிடம் இல்லை.)

அந்தத் தரப்பை அதன் முழு பலத்தோடு முதலில் வைத்துவிடுகிறேன். சீசன் அல்லாத நாளில் நீலகிரிக்குள் நுழையும் வண்டிகள் சுமார் 2,000. சீசனில் அதுவே 20,000-ஐத் தாண்டுகிறது. 2024-ல் சென்னை உயர் நீதிமன்றத்தில் அரசுத் தரப்பே கொடுத்த கணக்கு இது. அதைப் பார்த்த நீதிமன்றம், அந்த ஆண்டு மே 7 முதல் நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸைக் கட்டாயமாக்கியது. முதலில் பாஸ் கேட்டவர்க்கெல்லாம் கிடைத்தது. 2025 மார்ச்சில் வரம்பு வந்தது: நீலகிரிக்கு வார நாளில் 6,000 வண்டிகள், வார இறுதியில் 8,000, கொடைக்கானலுக்கு 4,000, 6,000. உள்ளூர் வண்டிகளுக்கும் அரசுப் பேருந்துகளுக்கும் விலக்கு. மலையின் தாங்குதிறனை ஆராய்ந்து சொல்லும் பொறுப்பு சென்னை ஐஐடி, பெங்களூரு ஐஐஎம் ஆகியவற்றிடம் தரப்பட்டது. அதுவரைக்கும் இந்த எண்கள் இடைக்கால ஏற்பாடு. இதன் பின்னால் இருக்கும் வாதம் எளியது. தண்ணீர் அளவானது, சாலை அளவானது, காடு அளவானது. ஆள் பெருகினால் சேதம் பெருகும். எண்ணிக்கை நோய் என்றால் எண்ணிக்கைதான் மருந்து.

கேட்பதற்கு நேராக இருக்கிறது. ஆனால் உலகில் இந்தக் கேள்வியோடு அதிக காலம் மல்லுக்கட்டிய ஆய்வாளர்கள் இந்த நேர்கோட்டை அறுபது ஆண்டுகளுக்கு முன்பே கைவிடத் தொடங்கிவிட்டார்கள். நாம் அதை இப்போதுதான் கண்டுபிடித்ததுபோல் கையில் எடுத்திருக்கிறோம்.

ஒன்றைச் சொல்லிவிட்டுத் தொடர்கிறேன். 2025 ஏப்ரலில் இ-பாஸை எதிர்த்துக் கடையடைத்த வணிகர்களின் வழக்கறிஞனாக நான் பேசவில்லை. வரம்பே கூடாது என்பவர்களுக்கும் நான் கீழே சொல்வது கசக்கும்.

1. 'தாங்குதிறன்' என்ற சொல் யாருடைய சொல்?

மேய்ச்சல் நிலத்துக்காரர்களுடையது. இத்தனை ஏக்கர் புல்லுக்கு இத்தனை மாடு. அதற்கு மேல் விட்டால் புல்லும் அழியும், மாடும் மெலியும். மாட்டுக்கு இந்தக் கணக்கு பொருந்தும். ஒரு மாடு ஒரு நாளில் தின்னும் புல்லுக்கும் அடுத்த மாடு தின்னும் புல்லுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. மாடு பாட்டிலை உடைத்து ஓடையில் வீசாது. குரங்குக்குச் சிப்ஸ் கொடுக்காது. நான்கு மாடிக் காட்டேஜ் கட்டாது.

இரண்டாம் உலகப் போருக்குப் பின் அமெரிக்கர்கள் கார் ஏறிக் காடுகளுக்குப் படையெடுத்தபோது அங்குள்ள வனத்துறையினரும் இந்த மாட்டுக் கணக்கைத்தான் கையில் எடுத்தார்கள். ஆலன் வேகர் என்பவர் பொழுதுபோக்குக்கு வரும் மனிதர்களை முன்வைத்துக் காட்டு நிலங்களின் தாங்குதிறனை ஆராய்ந்து 1964-ல் ஒரு நூல் வெளியிட்டார். சூழலியல் கணக்கிலேயே விடை கிடைத்துவிடும் என்ற நம்பிக்கையோடு தொடங்கியவர் அவர். முடித்தபோது சொன்னது வேறு: மனிதர்கள் அந்த இடத்திலிருந்து எதை எதிர்பார்க்கிறார்கள், அது எப்படி இருக்க வேண்டும் என்று விரும்புகிறார்கள் என்பதைத் தீர்மானிக்காமல் தாங்குதிறன் என்ற எண்ணுக்கு வரவே முடியாது. மண்ணை அளந்து பார்த்தால் எண் தானாக வெளியே வந்து விழாது. முதலில் ஒரு விருப்பம், பிறகுதான் ஒரு வரம்பு. துறையின் தொடக்க நூலிலேயே இந்த ஓட்டை பதிவாகிவிட்டது. நம் விவாதத்தில் அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

2. சனிக்கிழமை மலைக்கு எங்கிருந்து தெம்பு வருகிறது?

வார நாளில் 6,000 வண்டி தாங்கும் நீலகிரி, வார இறுதியில் 8,000 தாங்குமாம். சனிக்கிழமை காலையில் பவானியில் தண்ணீர் கூடுகிறதா? புல்வெளி விரிகிறதா? கொண்டை ஊசி வளைவுகள் குறைகின்றனவா? மலையின் திறனைச் சொல்லும் எண் இப்படி நாள் பார்த்து ஏறி இறங்காது. வார இறுதியில் வர விரும்புபவர்கள் அதிகம் என்பதால்தான் எண்ணும் அதிகம். அதாவது, இது தேவைக்கும் நெரிசலுக்கும் இடையே போடப்பட்ட சமரசம். சமரசத்தில் குற்றமில்லை, நீதிமன்றமும் இதை இடைக்காலம் என்றே சொன்னது. அதைச் சூழலியல் என்று பெயர் சூட்டி நாம் கொண்டாடுவதில்தான் குற்றம். வண்டியை எண்ணுகிறோமே தவிர ஆளை எண்ணுவதும் இல்லை. இருவர் வரும் காரும் பன்னிரண்டு பேர் வரும் வேனும் அந்தப் பட்டியலில் ஒன்று.

எண் எப்போது பொருள் தரும் என்பதற்கும் சான்று இருக்கிறது. கலிபோர்னியாவின் யோசெமிட்டி தேசியப் பூங்காவில் ஹாஃப் டோம் என்ற மொட்டைப் பாறை. அதன் கடைசி 400 அடியை இரும்புக் கம்பிவடத்தைப் பிடித்துத்தான் ஏற வேண்டும். அங்கே நாளொன்றுக்கு 300 பேர் என்று வரம்பு. அந்த 300 ஒரு குறிப்பிட்ட கேள்விக்கான பதில்: திடீரென்று இடிமழை வந்தால் கம்பிவடத்தில் இருப்பவர்கள் சிக்கிக்கொள்ளாமல் இறங்க எத்தனை பேர் இருக்கலாம்? கேள்வி கூர்மை, எண்ணும் கூர்மை. நம் 6,000 எந்தக் கேள்விக்குப் பதில்? சாலை நெரிசலுக்கு என்றால் சரி, ஒப்புக்கொள்கிறேன். பர்லியாறு வளைவில் மூன்று மணி நேரம் நின்றவர்களுக்கு அது நிம்மதிதான். சோலைக்கு என்றால், எந்தச் சோலைக்கு?

3. பாதி ஆள் வந்தால் பாதி சேதமா?

இந்தத் தரப்பின் முதுகெலும்பு இதுதான், முறிவதும் இங்கேதான். மனித நடமாட்டம் காட்டை என்ன செய்கிறது என்று ஆராயும் துறைக்குப் பொழுதுபோக்குச் சூழலியல் என்று பெயர். அதில் டேவிட் கோல் பெயரைத் தவிர்த்துப் பேச முடியாது. அவர் வகுத்த சோதனை பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் செய்து பார்க்கலாம் என்னும் அளவுக்கு எளியது. அரை மீட்டர் அகலம், ஒன்றரை மீட்டர் நீளத்தில் செடி மூடிய தரையில் பாத்தி பிரித்துக்கொள்வது. ஒன்றில் 25 முறை நடப்பது, அடுத்ததில் 75, அடுத்து 200, பிறகு 500. ஒன்றைத் தொடாமல் விடுவது. இரண்டு வாரம் கழித்தும் ஓராண்டு கழித்தும் எவ்வளவு பச்சை மிஞ்சியது என்று அளப்பது.

கிடைத்த சேதக் கோடு நேராக இல்லை. தொடக்கத்தில் செங்குத்தாக ஏறிப் பிறகு படுத்துவிட்டது. முதலில் நடந்த சிலர்தான் பெரும் சேதத்தைச் செய்துவிடுகிறார்கள். அதற்குப் பிறகு வருபவர்கள் ஏற்கெனவே மொட்டையான தரையில்தான் நடக்கிறார்கள். தரையோடு படிந்த புல் ஓரளவு தாங்குகிறது. நிமிர்ந்து நிற்கும் மெல்லிய இலைச் செடிகளும் பெரணிகளும் சில டஜன் நடைகளிலேயே மடிகின்றன. இதற்கு முன்பே, 1960-களில், கனடா எல்லையை ஒட்டிய ஏரிகளில் படகோட்டிகள் கூடாரம் போட்ட இடங்களை ஆராய்ந்தவர்களும் இதையே கண்டார்கள்: குறைவாகவே தங்கப்பட்ட இடத்திலும் தரைச்செடி பெரும்பாலும் போயிருந்தது.

இதன் விளைவை நிதானமாக யோசித்துப் பாருங்கள். ஏற்கெனவே மிதிபட்ட தொட்டபெட்டா உச்சியில் வருபவர்களைப் பாதியாக்கினால் மண்ணுக்கு ஏறக்குறைய ஒன்றும் ஆகாது. கோட்டின் படுத்த பகுதியில் இருக்கிறோம். யாரும் போகாத ஒரு சோலை ஓரத்துக்கு வாரம் பத்துப் பேரை அனுப்பினால் அங்கே தரை திறந்துவிடும்; அங்கே கோடு செங்குத்து. ஆனால் நம்மூரில் 'ஆளைக் குறை' என்று சொல்பவர் அதே மூச்சில் 'கூட்டத்தைப் பிரித்து விடுங்கள், புது இடங்களைத் திறந்துவிடுங்கள்' என்கிறார். ஆய்வு சொல்வதற்கு நேர் எதிர். கெட்ட இடத்திலேயே கூட்டத்தைக் கட்டி வை, பாதையைக் கல் பாவி உறுதியாக்கு, கெடாததைத் தொடாதே என்பதுதான் அந்தக் கோடு தரும் புத்தி. ஊட்டி தாவரவியல் பூங்காவில் மலர்க் கண்காட்சிக்கு முண்டியடிக்கும் லட்சக்கணக்கானவர்களைப் பார்த்து முகம் சுளிப்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். 1848-ல் தொடங்கப்பட்ட அந்தத் தோட்டம் மனிதன் போட்டது. கூட்டம் அங்கே நிற்கும்வரை முக்கூர்த்திப் புல்வெளி பிழைத்துக்கிடக்கும்.

4. அமைதியாக நடந்து போகிறவர் கணக்கில் வரமாட்டாரா?

கார்க்கூட்டம்தான் கேடு, மலையேறுபவர் இயற்கையின் நண்பர் என்பது இந்தக் கருத்தின் படித்த வடிவம். 2008-ல் வெளிவந்த ஓர் ஆய்வு இந்தத் தற்பெருமையைக் கலைத்தது. சாரா ரீட், அடினா மெரன்லெண்டர் இருவரும் வடக்குக் கலிபோர்னியாவில் 28 பூங்காக்களையும் காப்பிடங்களையும் எடுத்துக்கொண்டார்கள். சிலவற்றில் நடைப்பயணிகளுக்கு அனுமதி உண்டு, பக்கத்திலேயே சிலவற்றில் யாருக்கும் அனுமதி இல்லை. மோட்டார் ஒலி எங்கும் இல்லை. ஆனாலும் மனிதர் நடந்த காடுகளில், அந்த மண்ணுக்குரிய ஊன் உண்ணிகளின் அடர்த்தி ஐந்தில் ஒரு பங்காக இருந்தது. கார் எண்ணும் சாவடிக்கு இது எப்படித் தெரியும்?

5. எத்தனை பேர் என்பதா, என்ன செய்கிறார்கள் என்பதா?

மறுபடி யோசெமிட்டி. 1998-ல் அங்கே கரடிகள் கார்களை உடைத்தும் கூடாரங்களைக் கிழித்தும் உணவு எடுத்த நிகழ்வுகள் 1,500-ஐத் தாண்டின. ஆள் அதிகம், ஆகவே ஆளைக் குறை என்று அங்கே சொல்லவில்லை. கரடி திறக்க முடியாத இரும்புப் பெட்டிகளை முகாம்களில் வைத்தார்கள். காட்டுக்குள் போகிறவர் உணவைக் கரடி உடைக்க முடியாத டப்பாவில் கொண்டுபோவது கட்டாயமானது. இரவு ரோந்து, அபராதம். இவற்றுக்கென்று தனி நிதி வந்தது. நிகழ்வுகள் 95 சதவீதத்துக்கும் மேல் குறைந்தன. அந்த 1998-ஐவிடப் பூங்காவுக்கு வருபவர்கள் கூடி, 2016-ல் 50 லட்சத்தைத் தாண்டினார்கள். ஆள் ஏறியது, சேதம் இறங்கியது. எண்ணிக்கைதான் நோய் என்பவர்கள் இந்த இரண்டு கோடுகளையும் ஒரே தாளில் வரைந்து பார்க்கட்டும்.

இதற்காகக் கலிபோர்னியாவரை போகவும் வேண்டாம். உடைந்த மது பாட்டில்கள் யானையின் பாதத்தைக் கிழிக்கின்றன என்ற கவலையை உயர் நீதிமன்றம் எழுப்பியபின், 2022 மே மாதம் நீலகிரியில் ஒரு திட்டம் வந்தது. டாஸ்மாக்கில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூடுதல். காலி பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தால் 10 ரூபாய் கையில். குடிப்பவரை யாரும் குறைக்கவில்லை. விற்ற பாட்டில்களில் மிகப் பெரும்பகுதி திரும்பி வந்தது. காட்டோரத்தில் யாரோ வீசிய பாட்டிலையும் பொறுக்கிக்கொண்டு வந்து காசு வாங்க ஆட்கள் முளைத்தார்கள். நீலகிரியில் இதுவரை நடந்த சுற்றுலா மேலாண்மையில் எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான வெற்றி இல்லை. இ-பாஸைப் பற்றி எழுதப்பட்ட பக்கங்களில் பத்தில் ஒன்றுகூட இந்தப் பத்து ரூபாய்க்குக் கிடைக்கவில்லை.

மறுபக்கமும் இருக்கிறது. 2021 ஜனவரியில் மசினகுடி அருகே ஒரு யானை மீது எரியும் பொருளை வீசினார்கள். தீக்காயத்தோடு அலைந்து அது செத்தது. சீசன் கூட்டம் எதுவும் அதைச் செய்யவில்லை. ஒரு விடுதி, விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர், ஓர் இரவு. 6,000 வண்டிகளை 600 ஆக்கியிருந்தாலும் அந்த யானை பிழைத்திருக்காது.

காலமும் அப்படித்தான். 2018 மார்ச் 11 அன்று குரங்கணி மலையில் இருந்த மலையேற்றக் குழுவினர் நாற்பது பேருக்கும் குறைவு. அவர்களில் 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல், மார்ச் மாதம், தீ. டிசம்பரில் அதே பாதையில் அதே நாற்பது பேருக்கு எதுவும் ஆகியிருக்காது. எத்தனை பேர் என்று மட்டும் கேட்டிருந்தால் அன்று எல்லாம் சரியாகத்தான் இருந்தது.

6. சாவடியைக் கடந்து வராத சேதத்தை யார் எண்ணுவது?

கட்டடம் இ-பாஸ் எடுப்பதில்லை. மலைப்பகுதிக் கட்டடங்களுக்கு உயரம் ஏழு மீட்டரைத் தாண்டக் கூடாது என்று விதி இருக்கிறது. ஊட்டியையும் குன்னூரையும் கொடைக்கானலையும் ஒருமுறை சுற்றிவிட்டு வந்து அந்த விதியை வாசித்துப் பாருங்கள், சிரிப்பு வரும். சீகூர் யானை வழித்தடத்தில் முளைத்த விடுதிகளுக்குச் சீல் வைக்க 2018-ல் உச்ச நீதிமன்றம் உத்தரவிட வேண்டியிருந்தது. வழித்தடம் செல்லும் என்று 2020 அக்டோபர் 14 அன்று அது தீர்ப்பும் சொன்னது. அந்த விடுதிகளில் ஆள் நிரம்பினாலும் காலியாகக் கிடந்தாலும், வழியை மறித்தது சுவரும் மின்வேலியும்தான். ஊட்டி நகரின் கழிவைச் சுமந்துகொண்டு கோடப்பமந்து கால்வாய் ஏரிக்குப் போகிறது. சுற்றுலாப் பயணி ஒருவரும் வராத ஆடி மழையிலும் போகிறது.

7. மறுக்கப்பட்ட வண்டி எங்கே போகும்?

வீட்டுக்குத் திரும்பிப் போகும் என்று நம்புவதற்கு அசாத்திய வெள்ளந்தித்தனம் வேண்டும். ஊட்டிக்குப் பாஸ் கிடைக்காதவர் கைபேசியில் அடுத்த மலையைத் தேடுகிறார். வால்பாறை, ஏற்காடு, கொல்லிமலை, மேகமலை. 2025 நவம்பர் 1 முதல் வால்பாறைக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. அடுத்து எது? மூன்றாவது கேள்வியில் சொன்ன சேதக் கோட்டை இங்கே பொருத்திப் பாருங்கள்: கூட்டம் குறையும் ஊட்டிக்கு ஆதாயம் சொற்பம், கூட்டம் புதிதாகச் சேரும் இடத்துக்கு நட்டம் அதிகம். வால்பாறையைச் சுற்றிலும் ஆனைமலைப் புலிகள் காப்பகம் இருக்கிறது என்பதை நினைவில் வையுங்கள்.

இன்னொரு இடப்பெயர்ச்சியும் நடக்கிறது, அது மனிதர்களுக்குள். முன்கூட்டித் திட்டமிடக்கூடியவர், லீவு கேட்டால் கிடைப்பவர் பாஸ் எடுத்துவிடுகிறார். சனிக்கிழமை மாலை வாரச் சம்பளம் வாங்கி, ஞாயிறு விடியலில் நான்கு பேர் சேர்ந்து வண்டி பிடிக்கும் திருப்பூர் பனியன் தொழிலாளி வெளியே நிற்கிறார். அரசுப் பேருந்துக்கு விலக்கு இருப்பது உண்மை, நல்லதும்கூட. ஆனால் பொது நிலம் எல்லோருக்கும் பொது என்றால், யாரைக் கழிக்கிறோம் என்று கேட்காமல் எத்தனை பேரைக் கழிக்கிறோம் என்று மட்டும் கேட்பது நியாயமில்லை.

'சரி, ஒன்றுமே செய்யாமல் இருப்பதற்கு இது மேல் அல்லவா?' என்று கேட்பார்கள். இதுதான் கடைசிப் புகலிடம். மேல் இல்லை. தவறான மருந்துக்கு ஒரு குணம் உண்டு: மருந்து சாப்பிட்டாயிற்று என்ற திருப்தியைத் தந்துவிடும். ஏழு மீட்டர் விதியை அமல்படுத்தாத அதிகாரிக்கும், கழிவுக் குழாய் போடாத நகராட்சிக்கும், காவலர் பணியிடத்தை நிரப்பாத துறைக்கும் இ-பாஸ் ஒரு நல்ல குடை. குற்றவாளி கிடைத்துவிட்டார், அவர் வெளியூர்க்காரர், ஓட்டும் இங்கே இல்லை.

'அமெரிக்காவிலேயே பல பூங்காக்களில் அனுமதிச் சீட்டு இருக்கிறதே?' இருக்கிறது. அங்கே எண் எந்த வரிசையில் வருகிறது என்று பார்க்க வேண்டும். 1985-ல் அமெரிக்க வனத்துறை ஆய்வாளர்கள் ஐந்து பேர் 'ஏற்கத்தக்க மாற்றத்தின் எல்லை' என்ற முறையை முன்வைத்தார்கள். கோல் அவர்களில் ஒருவர். மனிதன் கால் வைத்தால் மாற்றம் நிச்சயம், ஆகவே எவ்வளவு மாற்றம்வரை பொறுப்போம் என்று முதலில் முடிவு செய்யுங்கள் என்பது அதன் சாரம். மொன்டானாவின் பாப் மார்ஷல் காட்டில், சுமார் 15 லட்சம் ஏக்கரில், அதைச் செய்து பார்த்தார்கள். வனத்துறையினர், குதிரையில் ஆட்களை அழைத்துப்போகும் தொழிலாளர்கள், சூழல் ஆர்வலர்கள் எல்லோரும் ஒரே மேசையில் ஆண்டுக்கணக்கில் உட்கார்ந்தார்கள். காட்டைப் பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியில் இத்தனை இடங்களுக்கு மேல் மொட்டைத் தரை கூடாது, இன்னொன்றில் ஒன்றுகூடக் கூடாது என்று அளவு வைத்தார்கள். அளவு மீறிய இடத்தில் பாதையை மாற்றுவது, நெருப்பு மூட்டத் தடை, பருவத் தடை என்று சிறிய கருவிகளிலிருந்து தொடங்கினார்கள். ஆளைக் குறைப்பதும் அந்தப் பெட்டியில் இருந்த ஒரு கருவிதான். அடியில் கிடந்தது.

நீலகிரிக்கு இதைப் பொருத்துவது ராக்கெட் விடும் வேலை இல்லை. காட்டுத் தீப் பருவத்தில் எந்தப் பாதைகளை மூடுவது, எந்த ஓடையில் கழிவு எவ்வளவுக்கு மேல் கூடாது, குடியிருப்புக்குள் கரடி வந்த இரவுகள் சென்ற ஆண்டைவிடக் குறைந்தனவா, எந்தச் சோலைக்குள் ஒற்றையடிப் பாதை புதிதாக விழுந்திருக்கிறது? இருளரும் குறும்பரும் தோடரும் படகரும் இந்தக் கேள்விகளுக்கு இன்றே பாதி பதில் சொல்லிவிடுவார்கள். அவர்களைக் கேட்க மேசை போட்டால் போதும்.

ஐஐடி, ஐஐஎம் ஆய்வைப் பார்க்க வாய்க்கும்போது கடைசிப் பக்கத்து எண்ணை நோக்கி ஓடாதீர்கள். எந்தச் சோலை, எந்த ஓடை, எந்த மாதம், எந்தக் கட்டடம் என்று பெயர் சொல்லும் பக்கங்களைத் தேடுங்கள். அவை இருந்தால் அந்த எண்ணை நானும் ஏற்கிறேன். இல்லையென்றால், 6,000-ஐ 5,000 ஆக்கினாலும் 7,000 ஆக்கினாலும் கோடப்பமந்து கால்வாய்க்கு எல்லாம் ஒன்றுதான்.